ஹெபடைடிஸ் பி: ஆன்டிபாடி எதைப் பார்த்து வைரஸைப் பிடிக்கிறது?

நித்யகல்யாணி
எல்லோருக்கும் வணக்கம். நர்சிங் இறுதியாண்டு படிக்கிறேன். வார்டுக்கு அனுப்பும் முன் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தார்கள். எனக்கு எச்பிஎஸ்ஏஜி (வைரஸின் மேலுறைப் புரதம்) நெகட்டிவ், ஆன்டி-எச்பிஎஸ் (அந்த மேலுறையைப் பிடிக்க உடல் செய்யும் புரதம், அதாவது ஆன்டிபாடி) 340, ஆன்டி-எச்பிசி (வைரஸின் உள்ளே இருக்கும் கோர் புரதத்துக்கான ஆன்டிபாடி) நெகட்டிவ். என் தோழிக்கு எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஆன்டி-எச்பிஎஸ் 95, ஆன்டி-எச்பிசி பாசிட்டிவ். "உனக்கு ஊசியால் வந்த எதிர்ப்பு, அவளுக்கு எப்போதோ நோய் வந்து தானாகப் போயிருக்கிறது" என்று மேடம் சொன்னார். அதுவரை சரி. ஒரே வைரஸின் ஒரு புரதத்தை ஓர் ஆன்டிபாடி பிடிக்கிறது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு புரதத்தை விட்டுவிடுகிறது. அதற்கு எப்படித் தெரியும்? புத்தகத்தில் பூட்டும் சாவியும் படம் போட்டு முடித்துவிட்டார்கள். அதற்கு மேல் யாராவது சொல்லுங்களேன்.

எலைசா குமார்
முதலில் ரிப்போர்ட் பக்கம். தடுப்பூசியில் வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும்தான் இருக்கிறது, அதையும் ஈஸ்ட்டில் வளர்த்துப் பிரித்தெடுக்கிறார்கள். 1981-இல் அமெரிக்காவில் வந்த முதல் ஊசி கேரியர்களின் (வைரஸை நெடுநாள் உடலில் சுமப்பவர்களின்) ரத்த பிளாஸ்மாவிலிருந்து எடுத்தது. 1986-இல் ஈஸ்ட் ஊசி வந்து அதை ஓரங்கட்டியது. ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக் 1997-இல் தன் ஊசியைக் கொண்டுவந்த பிறகு நம் ஊரில் விலை இறங்கியது.

உள்ளே இருக்கும் கோர் புரதத்தை உங்கள் உடல் பார்த்ததே இல்லை, அதனால் ஆன்டி-எச்பிசி நெகட்டிவ். தோழியின் உடல் முழு வைரஸையும் பார்த்திருக்கிறது. லேபில் எனக்கு இவ்வளவு போதும். ஆன்டிபாடிக்கு "எப்படித் தெரியும்" என்பதை மூலக்கூறன் சார் வந்து சொல்லட்டும்.

மூலக்கூறன்
வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலுறைப் புரதத்தின் சிறிய வடிவத்தில் 226 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி வைரஸைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலத்துக்குள் புதைந்து கிடக்கிறது. புதைந்ததை ஆன்டிபாடி தொட முடியாது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஏறத்தாழ 99-இலிருந்து 169 வரையான பகுதி. அதிலும் 124 முதல் 147 வரையான சின்னத் துண்டுதான் முக்கியம். அதை "ஏ" டிட்டர்மினன்ட் என்பார்கள். உலகில் எந்த ஊரில் எடுத்த ஹெபடைடிஸ் பி வைரஸாக இருந்தாலும் இந்தப் பகுதி பொதுவாக இருக்கும். ஒரே ஊசி எல்லா ஊரிலும் வேலை செய்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் துண்டில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் நிறைய. இரண்டிரண்டாகச் சேர்ந்து டைசல்பைடு பிணைப்பு போட்டு, நீளமான சங்கிலியை வளையங்களாக இறுக்கிக் கட்டிவிடுகின்றன. இப்போது ஒரு சோதனை. மெர்காப்டோஎத்தனால் ஊற்றி அந்தப் பிணைப்புகளை வெட்டிவிடுங்கள். அமினோ அமில வரிசையில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. ஆனால் வளையங்கள் அவிழ்ந்துவிடும், அதுவரை ஒட்டிய ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை ஒட்டாது. வரிசையில் தூரத்தில் இருக்கும் அமினோ அமிலங்கள் மடிந்த பிறகு அக்கம்பக்கமாக வந்து உருவாக்கும் மேற்பரப்பைத்தான் அந்த ஆன்டிபாடிகள் பிடிக்கின்றன. மடிப்பு போனால் பிடிக்க எதுவும் இல்லை.

ஆன்டிபாடியின் பக்கம் பாருங்கள். ஒய் வடிவம், இரண்டு கை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஆறு சிறிய வளையங்கள், கனமான சங்கிலியிலிருந்து மூன்று, இலகுவான சங்கிலியிலிருந்து மூன்று. இந்த ஆறும் சேர்ந்து ஆன்டிஜென்னில் (ஆன்டிபாடி பிடிக்கும் புரதத்தில்) சுமார் 15, 20 அமினோ அமிலங்களைத் தொடுகின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு, நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் ஈர்ப்பது, நீரை வெறுக்கும் பகுதிகள் ஒட்டிக்கொண்டு நடுவிலிருக்கும் நீரை வெளியே தள்ளுவது, எல்லாமே பலவீனமான விசைகள். ஒன்றையொன்று சேர்த்துக் கூட்டும்போதுதான் பிடி இறுகும். மேற்பரப்பு பொருந்தாவிட்டால் விசைகள் கூடாது, கழன்று போய்விடும். "தெரியும்" என்று சொன்னீர்களே, அந்தத் தெரிதல் இவ்வளவுதான்.

பூட்டு, சாவி உவமை பிளஸ் டூ தாண்டாது. சாவி வளையாது, பூட்டும் வளையாது. இங்கே இரண்டு பக்கமும் கொஞ்சம் நெளிந்துகொடுக்கும்.

வல்லநாடு வாசகன்
சார், ஒரு சந்தேகம். வைரஸ் உள்ளே வந்ததும் உடல் அதை அளவெடுத்து ஆன்டிபாடி தைத்துக்கொள்கிறதா? அப்படித்தான் எங்கள் வாத்தியார் சொன்னார்.

மூலக்கூறன்
அப்படி இல்லை, வைரஸ் வருவதற்கு முன்பே இருக்கின்றன. பி செல் (ஆன்டிபாடி செய்யும் வெள்ளணு) ஒவ்வொன்றும் தன் மரபணுத் துண்டுகளைக் குலுக்கிச் சேர்த்து தனக்கென ஒரு ஆன்டிபாடியை வைத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கான வகைகள். எது எதற்கு என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஊசியில் மேலுறைப் புரதம் வந்ததும், தற்செயலாகக் கொஞ்சம் பொருந்திய செல்கள் மட்டும் பெருகும். அப்புறம் நிணநீர் முடிச்சில் அந்தச் செல்கள் தங்கள் ஆன்டிபாடி மரபணுவில் வேண்டுமென்றே பிழைகள் செய்துகொள்ளும். பிழையால் பிடி இறுகியவை பிழைக்கும், தளர்ந்தவை சாகும். இரண்டாம், மூன்றாம் டோஸ் போடும்போது இந்தத் தேர்வு மறுபடி நடக்கிறது. மூன்று டோஸ் ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் பாதி இருக்கிறது.

நித்யகல்யாணி
நன்றி சார். ஆனால் மேலுறையும் கோரும் முற்றிலும் வேறு புரதங்கள். வேறு வரிசை, அதனால் வேறு மடிப்பு. அது எளிது. எங்கள் பாடத்தில் எச்பிஇஏஜி, அதாவது இ ஆன்டிஜென், என்று இன்னொன்று வருகிறதே? அதுவும் கோரும் ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ஆன்டி-எச்பிஇ, ஆன்டி-எச்பிசி என்று இரண்டு பரிசோதனை எப்படி வைக்க முடிகிறது?

மூலக்கூறன்
இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

கோர் புரதத்தில் 183 அமினோ அமிலங்கள். சில வகைகளில் இரண்டு கூடும். முதல் 149 அளவில் உள்ளவை இ ஆன்டிஜென்னிலும் அப்படியே இருக்கின்றன. இ ஆன்டிஜென்னுக்குத் தலைப்பக்கத்தில் மட்டும் கூடுதலாக 10 அமினோ அமிலங்கள். வால்பகுதி வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. அது சங்கிலியின் 61-ஆம் இடத்துச் சிஸ்டீனோடு பிணைந்துகொள்கிறது. விளைவு? கோர் புரதங்கள் இரண்டிரண்டாகச் சேரும்போது எந்த வாக்கில் சேருமோ அந்த வாக்கில் இ ஆன்டிஜென் சேர முடியாது. இரண்டு துண்டுகளும் ஒன்றைப் பார்க்க ஒன்று வெகுவாகத் திரும்பி வேறொரு வடிவில் உட்காரும்.

கோர் இரட்டைகள் 90 அல்லது 120 சேர்ந்து பந்து போன்ற கூடு கட்டுகின்றன, கூட்டின் மேல் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆன்டி-எச்பிசி பெரும்பாலும் அந்த முள்ளின் நுனியைப் பிடிக்கும். இ ஆன்டிஜென் கூடு கட்டாது. கரைந்த நிலையில் ரத்தத்துக்கு வந்துவிடும். வரிசை ஏறத்தாழ ஒன்றுதான், உட்காரும் விதம் வேறு, அதனால் பிடிக்கும் ஆன்டிபாடியும் வேறு. இரண்டையும் பிடிக்கும் ஆன்டிபாடிகளும் உண்டு. கிட் தயாரிப்பவர்கள் அவற்றைத் தவிர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கோர் வைரஸுக்கு உள்ளே இருப்பதால் ஆன்டி-எச்பிசி எவ்வளவு இருந்தாலும் பாதுகாப்பு தராது. வந்துபோன சாட்சி மட்டும்தான். ஐஜிஎம் வகை (முதலில் வரும் ஆன்டிபாடி) என்றால் சமீபத்தில், ஐஜிஜி (பின்னால் வந்து நீடிப்பது) மட்டும் என்றால் பழைய கதை என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். நாள்பட்ட நோய் திடீரென்று சீறும்போதும் ஐஜிஎம் தலைகாட்டும், அதையும் மனதில் வையுங்கள்.

கூந்தன்குளம் பறவை
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்தால் காமாலை போய்விடும். எங்கள் பாட்டி காலத்திலிருந்து இதுதான்.

எலைசா குமார்
ஆரம்பித்தாயிற்று 😀

திருவல்லிக்கேணி ரங்கன்
கிண்டல் வேண்டாம், அதற்கும் இந்த இழைக்கும் உண்மையான தொடர்பு உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கண்டுபிடித்த பரூச் பிளம்பர்க், கீழாநெல்லி ஆய்விலும் கூட்டாளி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் பிளம்பர்க்கும் சேர்ந்து 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை போட்டார்கள். கீழாநெல்லி எடுத்துக்கொண்ட 37 கேரியர்களில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்ததாகவும், பொய்மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்ததாகவும் சொன்னார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. செடி எந்த ஊரில் வளர்ந்தது, எந்த இனம் என்பதைச் சொல்லி விவாதம் ஓடியது, ஆனால் இன்றுவரை மருத்துவ வழிகாட்டிகளில் அது ஏறவில்லை. என் கருத்து, ஆய்வு செய்தது நல்ல காரியம். திரும்பக் கிடைக்காததை மறைப்பது கெட்ட காரியம்.

இன்னொன்று பறவையாரே. உங்கள் பாட்டி காலத்துக் காமாலையில் பெரும்பாலானது தண்ணீரில் பரவும் ஏ அல்லது ஈ வகையாக இருந்திருக்கும். அது பெரும்பாலும் தானாகவே சரியாகும். மோர் குடித்தாலும் ஆகும், குடிக்காவிட்டாலும் ஆகும்.

பிளம்பர்க் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அவர் வைரஸைத் தேடவே இல்லை. மனிதர்களின் ரத்தப் புரதங்களில் என்னென்ன வேறுபாடு என்று பார்த்துக்கொண்டிருந்தார். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபீலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளி ஒருவரின் சீரத்தில் (ரத்தத்தின் தெளிநீரில்) விதவிதமான ஆன்டிபாடிகள் இருக்கும் என்று எடுத்துவைத்து, உலகெங்கிலும் இருந்து வந்த சீரங்களோடு அகார் ஜெல்லில் எதிரெதிர் குழிகளில் ஊற்றிப் பார்த்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு மட்டும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்ற பெயர் அதனால்தான். வைரஸை யாரும் கண்ணால் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் மேலுறையை ஒரு நோயாளியின் ஆன்டிபாடி பிடித்துக் காட்டிவிட்டது. 1976-இல் நோபல்.

மூலக்கூறன்
ரங்கன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் சி-யும் அப்படித்தான் சிக்கியது. கைரான் நிறுவனத்தில் மைக்கேல் ஹௌட்டன், குய்-லிம் சூ, ஜார்ஜ் குவோ குழு, நோய் தொற்றிய சிம்பன்சியின் ரத்தத்திலிருந்து மரபணுத் துண்டுகள் எடுத்து பாக்டீரியாவில் புரதமாக்கினார்கள். நோயாளியின் சீரத்தை அதன்மேல் விட்டு, எதை ஆன்டிபாடி பிடிக்கிறது என்று தேடினார்கள். சுமார் பத்து லட்சம் குளோன்களில் (அப்படிப் பிரித்து வளர்த்த துண்டுகளில்) ஒன்று. 1989-இல் வெளியிட்டார்கள். ஹௌட்டனுக்கு ஆல்டர், ரைஸ் ஆகியோரோடு 2020-இல் நோபல். அந்த ஹார்வி ஆல்டர்தான் 1960-களில் பிளம்பர்க்கோடு ஆஸ்திரேலியா ஆன்டிஜென்னில் வேலை செய்தவர்.

மார்கழிப்பனி
நான் வாசகி மட்டும், மருத்துவத்துறை இல்லை. இணையத்தில் "தடுப்பூசியிலிருந்து தப்பிக்கும் ஹெபடைடிஸ் பி" என்று படித்தேன். அப்படியானால் என் குழந்தைக்குப் போட்டது வீணா?

மூலக்கூறன்
வீணில்லை அம்மா. நிதானமாகப் படியுங்கள்.

1990-இல் வில்லியம் கார்மன் குழுவினர் இத்தாலியில் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். தாய் கேரியர். குழந்தைக்கு ஊசியும் போட்டார்கள், ஆயத்த ஆன்டிபாடியும் கொடுத்தார்கள். அப்படியும் தொற்று வந்தது. வைரஸைப் பார்த்தால், மேலுறைப் புரதத்தின் 145-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினின். ஒரே ஒரு மாற்றம். ஆனால் இடத்தைக் கவனியுங்கள், நான் மேலே சொன்ன 124–147 வளையத்துக்குள்ளேயே வருகிறது. கிளைசின் இருப்பதிலேயே சிறிய அமினோ அமிலம். ஆர்ஜினின் நீளமானது, நேர் மின்னூட்டம் வேறு. இறுக்கமாக ஒட்ட வேண்டிய மேற்பரப்பில் இப்படி ஒன்று நீட்டிக்கொண்டு நின்றால் பல ஆன்டிபாடிகளின் பிடி விட்டுப்போகும்.

எல்லா மாற்றமும் இப்படி அல்ல. 122-ஆம் இடத்தில் லைசின் இருந்தால் "டி" துணைவகை, ஆர்ஜினின் இருந்தால் "ஒய்" துணைவகை என்று அந்தக் காலத்திலேயே ஆன்டிபாடியால் பிரித்துவிட்டார்கள். ஆனால் இரண்டையும் ஒரே ஊசி தடுக்கிறது, ஏனென்றால் ஊசி போட்டவரின் உடலில் ஒரே ஒரு ஆன்டிபாடி இருப்பதில்லை. வளையங்களின் வெவ்வேறு முகங்களைப் பிடிக்கும் பலவகைக் கலவை இருக்கிறது. 145 மாறினாலும் சில பிடித்துக்கொண்டுதான் இருக்கும். 1999-இல் இதை நேராகவே சோதித்தார்கள். வழக்கமான ஊசி போட்ட சிம்பன்சிகளுக்கு அந்த 145 மாற்ற வைரஸைச் செலுத்தினார்கள், தொற்று வரவில்லை.

தைவான் 1984-இல் குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கியது. அடுத்த பத்து ஆண்டுகளில், தொற்றிய குழந்தைகளிடம் இந்தப் பகுதியில் மாற்றம் உள்ள வைரஸின் விகிதம் கூடியது உண்மை. ஆனால் தொற்றுள்ள குழந்தைகளின் எண்ணிக்கையே சரிந்தது. தைபேயில் குழந்தைகளில் கேரியர்கள் 1984-இல் 9.8 சதவீதம், 1994-இல் 1.3 சதவீதம். பயமுறுத்தும் கட்டுரைகள் முதல் வரியை மட்டும் போடுகின்றன.

குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போட்டார்களா என்று அட்டையைப் பாருங்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதைத் தடுப்பதில் அந்த டோஸுக்குத்தான் அதிக வேலை.

எலைசா குமார்
145 மாற்றம் ஊசியைவிட லேபுக்குத்தான் அதிகத் தலைவலி. எச்பிஎஸ்ஏஜி பார்க்கும் எலைசா பரிசோதனையில் தட்டில் ஓர் ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். அது மாதிரியில் இருக்கும் ஆன்டிஜென்னைப் பிடிக்கும், மேலே நிறம் தரும் இன்னொரு ஆன்டிபாடி வந்து உட்காரும். தட்டில் இருப்பது ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடி என்று வையுங்கள், அது 145-ஐச் சுற்றிப் பிடிப்பது என்றும் வையுங்கள். வைரஸ் நிறைய இருந்தும் ரிப்போர்ட் நெகட்டிவ் வரும். அதனால் நல்ல கிட்டுகளில் வெவ்வேறு முகங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைக் கலந்து போடுகிறார்கள். விலை குறைந்த கிட் வாங்கும்போது அதனோடு வரும் தாளில் மாற்ற வைரஸ்களைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று படிப்பது என் வழக்கம். பல தாள்களில் ஒன்றும் இருக்காது.

ஆன்டி-எச்பிஎஸ் பரிசோதனையில் இது தலைகீழ். தட்டில் ஆன்டிஜென், உங்கள் ஆன்டிபாடி நடுவில்.

அப்புறம், முடி வளர பயோட்டின் மாத்திரை அதிக அளவில் சாப்பிடுகிறவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள். சில இயந்திரங்களில் முடிவு தப்பாக வரும்.

வல்லநாடு வாசகன்
வைரஸும் சும்மா இருக்குமா? ஆன்டிபாடியை ஏமாற்ற வேறு வழி வைத்திருக்காதா?

மூலக்கூறன்
வைத்திருக்கிறது. முழு வைரஸ் 42 நானோமீட்டர். அதோடு, உள்ளே மரபணு இல்லாத வெறும் மேலுறை உருண்டைகளை, 22 நானோமீட்டர் அளவில், கல்லீரல் செல்கள் ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு முழு வைரஸுக்கு ஆயிரம் முதல் லட்சம் உருண்டைகள் வரை. நாள்பட்ட நோயாளியின் உடல் ஆன்டிபாடி செய்தாலும் அது இந்த உருண்டைகளைப் பிடிப்பதிலேயே தீர்ந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் ஈஸ்ட் ஊசியில் இருப்பதும் அதே போன்ற வெற்று உருண்டைதான். வைரஸ் ஏமாற்றப் பயன்படுத்துவதையே எடுத்து ஊசியாக்கியிருக்கிறோம்.

மேலுறை மரபணு முழுவதும் பாலிமரேஸ் (வைரஸின் மரபணுவை நகலெடுக்கும் நொதி) மரபணுவின் மேலேயே படிந்து கிடக்கிறது என்பது இன்னொரு வம்பு. லாமிவுடின் மருந்தை எதிர்த்து பாலிமரேஸ் மாறும்போது மேலுறையும் சேர்ந்து மாறுகிறது. அவற்றில் சில மாற்றங்களில் ஆன்டிபாடியின் பிடி குறைவதை லேபில் காட்டியிருக்கிறார்கள்.

மார்கழிப்பனி
பிடித்தால் மட்டும் வைரஸ் செத்துவிடுமா?

மூலக்கூறன்
சாகாது, செல்லுக்குள் போக முடியாமல் போகும். வைரஸ் முதலில் கல்லீரல் செல்லின் மேல் உள்ள ஹெபரான் சல்பேட் சங்கிலிகளில் தொற்றிக்கொள்கிறது. அதற்கு இதே வளையப் பகுதியும் வேண்டும். அப்புறம் பெரிய மேலுறைப் புரதத்தின் பிரீ-எஸ்1 என்ற நுனி, பித்த உப்பை உள்ளே எடுக்கும் என்டிசிபி என்ற புரதத்தில் மாட்டிக்கொள்ளும். 2012-இல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லி குழு அதைக் கண்டுபிடித்தது. ஆன்டிபாடி முதல் படியிலேயே குறுக்கே நின்றுவிடுகிறது. ஆன்டிபாடி ஒட்டிய வைரஸை மற்ற செல்கள் விழுங்கிவிடும்.

திருவல்லிக்கேணி ரங்கன்
சி-க்கு ஏன் இன்னும் ஊசி இல்லை என்று யாரும் கேட்கவில்லையே, நானே கேட்கிறேன்.

மூலக்கூறன்
சுருக்கமாகச் சொல்கிறேன். சி-யின் மேலுறையில் உள்ள ஈ2 புரதத்தின் முன்நுனியில் 27 அமினோ அமிலம் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. உடல் முதலில் அதற்குத்தான் ஆன்டிபாடி செய்யும், அதற்குள் அது மாறிவிடும். மாறாத பகுதி என்று ஒன்று உண்டு, கல்லீரல் செல்லின் மேல் உள்ள சிடி81 என்ற புரதத்தைப் பிடிக்கும் இடம். அதைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகள் மூடியிருக்கின்றன. பல வகைகளையும் ஒன்றாகத் தடுக்கும் ஆன்டிபாடிகள் அந்த இடத்தைத்தான் பிடிக்கின்றன. ஊசி போட்டு அவற்றை நம்பகமாக வரவழைக்கும் வித்தை இன்னும் கைவரவில்லை. ஆனால் சி-க்கு மாத்திரை இருக்கிறது, 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது. பி-க்கு ஊசி இருக்கிறது, வேரோடு ஒழிக்கும் மாத்திரை இல்லை.

சி குணமான பிறகும் ஆன்டிபாடி பாசிட்டிவாகவே இருக்கும். அதை வைத்து "இன்னும் நோய் இருக்கிறது" என்று வேலைக்கு எடுக்காமல் விடும் ஆட்கள் இருக்கிறார்கள். வைரஸ் இப்போது இருக்கிறதா என்று நேராகக் காட்டும் ஆர்என்ஏ பரிசோதனை கேளுங்கள்.

நித்யகல்யாணி
கடைசியாக இரண்டு. என் 340 குறைந்துகொண்டே போய் 10-க்குக் கீழே வந்தால் மறுபடி ஊசி போட வேண்டுமா? தோழிக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

எலைசா குமார்
மூன்று டோஸும் முடித்து ஒன்றிரண்டு மாதத்தில் 10-க்கு மேல் வந்திருந்தால் பொதுவாகப் போதும். அளவு இறங்கினாலும் நினைவுச் செல்கள் இருக்கின்றன, வைரஸ் வந்தால் திரும்பப் பெருகும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு ஆண்டுதோறும் பார்த்து, குறைந்தால் பூஸ்டர். மூன்று போட்டும் 10 தாண்டாதவர்கள் சிலர் உண்டு, அவர்களுக்கு இன்னொரு முழுச் சுற்று. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறுதலாக உங்களைக் குத்திவிட்டால், உங்கள் டைட்டர் எண்ணை (ஆன்டி-எச்பிஎஸ் அளவை) கையில் வைத்திருந்தால் நேரம் மிச்சம், ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

மூலக்கூறன்
தோழிக்கு இப்போது மருந்து எதுவும் தேவைப்படாது. ஆனால் ஒன்றை அவர் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நோய் போனாலும் வைரஸின் வட்ட டிஎன்ஏ கல்லீரல் செல்களின் கருவுக்குள் தங்கிவிடும். அதை அடக்கி வைத்திருப்பது அவருடைய எதிர்ப்பு மண்டலம்தான். பிற்காலத்தில் புற்றுநோய்க்கோ மூட்டு நோய்க்கோ ரிடக்சிமாப் போன்ற மருந்து கொடுத்தால் பி செல்கள் அழியும், ஆன்டிபாடி இறங்கும், வைரஸ் திரும்ப எழலாம். அதைத் தடுக்க முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். அதனால் எந்தப் பெரிய சிகிச்சை தொடங்கினாலும் "எனக்கு ஆன்டி-எச்பிசி பாசிட்டிவ்" என்று மருத்துவரிடம் முதலில் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் அம்மா, கூடப் பிறந்தவர்களுக்கு எச்பிஎஸ்ஏஜி பார்த்தார்களா?

நித்யகல்யாணி
பார்க்கவில்லை சார். அவளிடம் இன்றே சொல்கிறேன். அவள் அண்ணனுக்குப் போன வருடம் ரத்ததான முகாமில் ஏதோ காரணம் சொல்லி ரத்தம் எடுக்கவில்லையாம்.

எலைசா குமார்
முதலில் அண்ணனை அழைத்துக்கொண்டு போங்கள்.